காசல்ரீ தண்ணீரும் கடல் தாண்டும் கம்பியும்

ஐயா,
இலங்கையை இந்தியாவோடு மின்கம்பியால் இணைக்க 2025 ஏப்ரலில் புரிந்துணர்வு உடன்படிக்கை எழுதினார்களே, அது வந்தால் காசல்ரீ நீர்த்தேக்கத் தண்ணீரில் எடுக்கும் கறன்ட்டை அங்கே விற்றுவிடுவார்கள் என்று எங்கள் தோட்டத்தில் பேச்சு. உண்மையா? 2022 மாதிரி 13 மணிநேர வெட்டாவது இனி வராதா?
— வாசகி, நோர்வூட்

அன்புள்ள சகோதரிக்கு,

விற்கலாம். எந்த மாதம், எத்தனை மணிக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

காசல்ரீ தண்ணீர் விமலசுரேந்திர, பழைய லக்ஷபான, பொல்பிட்டிய என்று மூன்று நிலையங்களில் சுழலியைச் சுற்றிவிட்டுத்தான் களனியோடு இறங்குகிறது. ஒரு கன மீட்டர் 100 மீட்டர் விழுந்தால் ஏறக்குறைய 0.23 அலகு, மூன்று நிலையங்களிலும் விழும் உயரத்தைச் சேர்த்தால் 2 அலகு அளவில் வரும். அந்தத் தண்ணீரைப் பகலில் விட்டுத் தீர்த்தால் மாலை 6.30 முதல் 10.30 வரை எண்ணெய்தான் எரிக்கவேண்டும். பெப்ரவரி, மார்ச்சில் மலை காயும்போது வாரநாள் பகலில் இந்தியச் சோலர் மின்சாரத்தை வாங்கி, நம் தண்ணீரைக் கட்டிவைத்து இரவுக்கு விடலாம். கம்பியால் வரும் பெரிய லாபம் இது.

விற்பது அவ்வளவு லேசில்லை. இரு நாட்டுக்கும் ஒரே கடிகாரம். இங்கே விளக்குப் போடும் நேரம்தான் அங்கேயும். தென்மேல் பருவத்தில் காசல்ரீக்குக் கீழே உள்ள நோட்டன் அணையின் வான்கதவு திறக்கும் நாட்களில் தமிழ்நாட்டுக் காற்றாலைகளும் முழு வீச்சில் ஓடும். நம்மிடம் மிஞ்சும்போது அவர்களிடமும் மிஞ்சினால் என்ன விலை கிடைக்கும்? பூட்டானுக்கு வாய்த்தது வேறு: அதன் மழைக்காலமும் வட இந்தியா புழுங்கும் காலமும் ஒன்று. மழையில் விற்று, ஆறு சுருங்கும் குளிரில் வாங்குகிறது.

2022 வெட்டுக்குக் காரணம் எண்ணெய் வாங்க டொலர் இல்லாதது, நீர்த்தேக்கங்களும் இறங்கியிருந்தன. கம்பியில் வரும் கறன்ட்டுக்கும் காசு கட்டவேண்டும். பங்களாதேஷுக்கு மின்சாரம் விற்கும் இந்தியாவின் ஜார்கண்ட் கொட்டா அனல் நிலையம் (1600 மெகாவொட்), அந்நாடு வைத்த நிலுவைக்காக 2024 இறுதியில் விநியோகத்தைப் பாதியாக்கியது.

இன்னொன்று, பலர் பேசாதது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு பகல், சோலர் மிகுந்து சுழலும் இயந்திரங்கள் குறைந்திருந்த நேரம்; பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டது, நாடு முழுக்க இருட்டு. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தில் ஒரு இயந்திரமே 300 மெகாவொட். 500 மெகாவொட் ஒரே கம்பியில் வந்து அறுந்தால், அந்த இயந்திரம் நின்றால் சரிவதைவிட வேகமாக அதிர்வெண் (சுழலும் இயந்திரங்கள் நிலையாக வைத்திருக்கும் மின்னோட்டத்தின் துடிப்பு) சரியும். ஒன்று போனாலும் மற்றது பாதியைத் தாங்கும்படி இரு துருவ இணைப்பு, அதாவது தனித்தனியே ஓடக்கூடிய இரண்டு பாதைகள், வேண்டும். திடீர்க் குறைவை உடனே ஈடுகட்ட, கொத்மலை நீர்மின் நிலையத்திலோ பொல்பிட்டியவிலோ ஓர் இயந்திரம் எப்போதும் பாதிச் சுமையில் சுழன்றுகொண்டிருக்கவேண்டும். அந்தத் தண்ணீரை மட்டும் யாரும் விற்பனைக் கணக்கில் எழுதக்கூடாது.