ஜீவ்ஸும் கச்சேரிப் பியோனும்

கேள்வி: லண்டனில் இருக்கும் அண்ணன், ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் உட்ஹவுஸின் கதைப் புத்தகம் ஒன்று அனுப்பியிருந்தார். சிரித்துச் சிரித்து வயிறு நோகும் என்றார். எனக்குச் சிரிப்பே வரவில்லை. பழைய ஆங்கிலேயப் பகிடி நமக்குச் சரிவராதா ஐயா?
– ஓர் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: அண்ணனோடு கோபிக்க வேண்டாம் ரீச்சர். உட்ஹவுஸ் பைபிள் வசனத்தையும் ஷேக்ஸ்பியர் வரியையும் எடுத்து வேண்டுமென்றே தப்பான இடத்தில் செருகுவார். அந்த வரிகளை மிஷன் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த நம் தாத்தாமாருக்கு உடனே பிடிபட்டது. நமக்குப் பாதி நழுவிப் போகும்.

ஆனால் கதை நழுவாது. ஒன்றும் விளங்காத பணக்காரப் பொடியன் பெர்ட்டி. அவனை ஒவ்வொரு சிக்கலில் இருந்தும் சத்தமில்லாமல் இழுத்தெடுக்கும் வேலையாள் ஜீவ்ஸ். மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், இலிகிதராக இருந்த எனக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்த அந்தக் கந்தோரில் எந்தக் கோப்பு எங்கே படுத்திருக்கிறது என்று தெரிந்தவர் பியோன் ஒருவர்தான். மாற்றலாகி வரும் அதிகாரி கையெழுத்து வைப்பார். முதலில் எதில் வைப்பது என்பதைப் பியோன் பார்த்துக்கொள்வார்.

ஜெர்மன்காரருக்கும் இந்த முதலாளி–வேலையாள் பகிடி பிடித்துப் போனது. 1963இல் ஹம்பேர்க்கில் ஆங்கிலத்திலேயே ஒளிப்பதிவான ‘டின்னர் ஃபார் வன்’ என்ற குட்டி நாடகத்தை வருடக் கடைசி இரவில் இன்றைக்கும் பார்க்கிறார்கள். 90 வயதுச் சீமாட்டி பிறந்தநாள் விருந்து வைக்கிறாள். வராத நான்கு விருந்தாளிகளின் பங்கையும் வேலையாளே குடித்துத் தள்ளாடுகிறான். வேடிக்கை என்னவென்றால், பிரித்தானியாவில் வெகுகாலம் அதைப் பலருக்குத் தெரியாது.

சரி, உட்ஹவுஸைத் தூக்கி வைத்துவிட்டு ஜெரோம் கே. ஜெரோமின் ‘திரீ மென் இன் எ போட்’ எடுங்கள். 1889இல் வந்தது. தேம்ஸ் நதியைப் பற்றிய பயண நூலாகத் தொடங்கி, பகிடி கூடிப்போய் வேறொன்றாக முடிந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் பொட்ஜர் மாமா சுவரில் ஒரு படம் மாட்டுகிறார். சுத்தியலுக்கு ஒருவன் ஓட வேண்டும், ரசமட்டம் இரவல் வாங்க இன்னொருவன், விளக்குப் பிடிக்க மாமி. ஆணி விழும், ஆணி கிடைத்தால் சுத்தியலைக் காணாது. நள்ளிரவில் படம் கோணலாகத் தொங்க, வீடே களைத்துக் கிடக்க, மாமா மட்டும் பெருமையோடு நிற்பார். என் மனுசிக்கு இதைத் தமிழில் சொன்னேன். சிரிக்கவில்லை. தன் தம்பியின் பெயரைச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

கேள்வி: ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ இப்போதும் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: 1977இல் தொடங்கிய பிரித்தானியத் தொலைக்காட்சிப் பகிடித் தொடர். லண்டன் இரவு வகுப்பில் ஆங்கிலம் படிக்க வந்த வெளிநாட்டவரின் உளறல்தான் முழுப் பகிடியும். பிறகு நம் பிள்ளைகளே அகதியாகப் போய் அப்படியான வகுப்புகளில் உட்கார்ந்தார்கள். அங்கே இருந்துவிட்டு வந்த என் மருமகன் அதைப் போட்டுப் போட்டுச் சிரிக்கிறார். எனக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் முடிவதில்லை. மிஸ்டர் பீன் என்றால் கூப்பிடுங்கள், வருகிறேன்.