ஒரு கார்னர்பேக் நல்ல ஆட்டக்காரரா என்று எதை வைத்துச் சொல்வது?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில், ரிசீவர்களைப் பந்து பிடிக்கவிடாமல் தடுக்கும் கார்னர்பேக்குகளை எடைபோட இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறித்துப் பிடிப்பது) எண்ணிக்கை போதாதா? விட்டுக்கொடுத்த யார்டு, பாஸர் ரேட்டிங் என்று ஒவ்வொரு தளமும் ஒவ்வொன்றைக் காட்டுகிறது. எதை நம்புவது?

போதவே போதாது. 2021-இல் டல்லஸின் ட்ரெவான் டிக்ஸ் 11 இன்டர்செப்ஷன் எடுத்து லீகில் முதலிடம் பிடித்தார், பருவத்தின் சிறந்தவர்களைக் கொண்ட ஆல்-ப்ரோ முதல் அணியிலும் இடம்பெற்றார். அதே பருவத்தில் அவர் காவலில் இருந்த ரிசீவர்கள் 1000 யார்டுக்கு மேல் அடித்தார்கள் என்பது புள்ளிவிவரத் தளமான புரோ ஃபுட்பால் ஃபோகஸின் கணக்கு. ரிசீவரை விட்டுவிட்டுப் பந்தின் மேல் பாய்பவருக்கு இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

மறுபக்கம் ஓக்லாண்டின் நம்டி அசோமுகா. 2006-இல் 8 இன்டர்செப்ஷன். அடுத்த நான்கு பருவங்களுக்கும் சேர்த்து வெறும் 3. ஆட்டம் விழுந்துவிடவில்லை, அவர் பக்கம் பந்தெறிவதையே எதிரணிகள் குறைத்துவிட்டன. பாயின்ட்டில் ஜான்டி ரோட்ஸ் நின்றால் அந்தப் பக்கம் தட்டிவிட்டு ஓட எவனும் துணியமாட்டான். அந்த ஓடாத ரன் எந்த ஸ்கோர்கார்டிலும் ஏறாது.

ஆகவே அளவுகோலின் அடியில், வகுக்கும் எண்ணாக வரவேண்டியது டார்கெட் (அவர் காவலில் இருந்த ரிசீவரை நோக்கி எறிந்த பந்து) எண்ணிக்கை அல்ல, கவரேஜ் ஸ்னாப். அதாவது எதிரணி பாஸுக்குப் பின்வாங்கியபோது அவர் காவலில் நின்ற ஒவ்வொரு தடவையும், பந்து அவரிடம் வந்தாலும் வராவிட்டாலும். 2014 பருவத்தின் முதல் ஆட்டத்தில் கிரீன் பேயின் குவார்ட்டர்பேக் (பந்தெறிபவர்) ஆரன் ராட்ஜர்ஸ் 33 பந்து எறிந்தார். சியாட்டிலின் ரிச்சர்ட் ஷெர்மனை நோக்கி ஒன்றுகூட இல்லை. டார்கெட்டுக்கு எத்தனை யார்டு என்று கேட்டால் அந்த ஆட்டத்தில் ஷெர்மனுக்குப் பதிலே கிடையாது. ஆனால் மைதானத்தின் ஒரு பக்கமே கிட்டத்தட்டப் பூட்டிக் கிடந்தது, ராட்ஜர்ஸுக்கு மொத்தம் கிடைத்தது 189 யார்டு.

கற்பனையாக ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 600 கவரேஜ் ஸ்னாப்பில் 60 டார்கெட், விட்டுக்கொடுத்தது 480 யார்டு. இன்னொருவர் 400 ஸ்னாப்பில் 50 டார்கெட், 350 யார்டு. டார்கெட்டுக்குப் பார்த்தால் முதலாமவர் 8, இரண்டாமவர் 7. இரண்டாமவர் மேல் என்று தோன்றும். ஸ்னாப்புக்குப் பார்த்தால் முதலாமவர் 0.80, இரண்டாமவர் 0.875, வரிசை தலைகீழ். இந்த 60 என்பதும் மிகச் சின்ன எண்ணிக்கை. அந்த 480-இல் ஒரே ஒரு 75 யார்டு பந்தை எடுத்துவிட்டால் சராசரி 8-இலிருந்து 6.9-க்கு இறங்கிவிடும். ஒரு பருவத்தின் எண்ணை வைத்து இவர் தேறிவிட்டார், அவர் தொலைந்தார் என்று தீர்ப்பு எழுதுவது வீண்வேலை.

பாஸர் ரேட்டிங்கில் வேறொரு கோளாறு. பந்தெறிதலை மதிப்பிடக் குவார்ட்டர்பேக்குக்காக உண்டான சூத்திரத்தை அப்படியே தூக்கிக் காவல்காரர் தலையில் வைத்திருக்கிறார்கள், அவருக்கு எண் குறைந்தால் நல்லது. 50 டார்கெட்டில், பிடிபடாமல் விழுந்திருக்கவேண்டிய ஒரு பந்து இன்டர்செப்ஷன் ஆனால் ரேட்டிங் சுமார் 8.3 புள்ளி இறங்கும். வேறொருவர் கையில் பட்டுத் தெறித்து மடியில் விழுந்த பந்துக்கும் அதே பரிசுதான். பந்து முழுவதையும் வெளியே எறிந்தாலே ரேட்டிங் 39.6 வரும் என்பதையும் மறக்கக்கூடாது. அதற்குக் கீழே போகிறது என்றால் இன்டர்செப்ஷன்தான் இழுத்திருக்கிறது.

பலரும் கவனிக்காத ஓட்டை பெனால்டி. பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் (பந்து பிடிக்கவிடாமல் ரிசீவரை இடிப்பது, இழுப்பது) கொடுத்தால் பந்து தவறு நடந்த இடத்துக்கே போகும், கூடவே தானாக ஃபர்ஸ்ட் டவுன், அதாவது புதிதாக நான்கு வாய்ப்பு. டச்டவுன் பகுதியான எண்ட் ஸோனுக்குள் என்றால் 1 யார்டு கோட்டில் வைப்பார்கள். 40 யார்டு இப்படிப் பறிபோனாலும் அது பாஸிங் யார்டில் சேராது, டார்கெட்டாகவும் பதிவாகாது. ரிசீவரின் சட்டையைப் பிடித்து இழுத்தே காலம் தள்ளுகிறவர் அட்டவணையில் உத்தமராகத் தெரிவது இப்படித்தான். பெனால்டி யார்டைத் தேடி எடுத்துக் கையால் கூட்டிக்கொள்ளுங்கள். அதேபோல பந்து காற்றில் போன தூரத்தையும், பிடித்தபின் ஓடிய தூரத்தையும் தனித்தனியாகப் பிரியுங்கள். 4 யார்டில் பிடித்த பந்து 35 யார்டு ஆனால் அது டேக்கிள் (ஆளை வீழ்த்துவதில்) தவறு, காவல் தவறு அல்ல. என்எஃப்எல்லின் புள்ளிவிவரச் சேவையான நெக்ஸ்ட் ஜென் ஸ்டாட்ஸ் தரும் இடைவெளி எண்ணும், பந்து பிடிபட்ட அல்லது தவறிய நேரத்தில் பக்கத்தில் இருந்தவருக்கும் ரிசீவருக்கும் உள்ள தூரம்தான். பக்கத்தில் இருந்தவர்தான் அந்த ரிசீவருக்குப் பொறுப்பு என்று அது சொல்லவில்லை.

பொறுப்பு யாருடையது என்பதுதான் இதில் ஆகக் கடினம். அதற்கு வீடியோ பார்க்காமல் முடியாது. டிவி ஒளிபரப்பு உதவாது. ஸ்னாப் ஆன, அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்த இரண்டாவது நொடியில் கார்னர்பேக் படத்தைவிட்டு வெளியே போயிருப்பார். 22 பேரும் தெரியும் 'ஆல்-22' படம் வேண்டும், என்எஃப்எல் பிளஸ்ஸின் மேல்நிலைச் சந்தாவில் கிடைக்கும்.

வீடியோவின் முதல் ஓட்டத்தில் எந்த ஒரு ஆளையும் பார்க்காதீர்கள், மேன் கவரேஜா (ஆளுக்கு ஆள் காவல்) ஸோனா (இடத்துக்குக் காவல்) என்பதை மட்டும் குறியுங்கள். கார்னரின் கண் ரிசீவரின் இடுப்பில் நிலைத்திருந்தால் பெரும்பாலும் மேன். முதுகைப் பக்கக்கோட்டுக்குக் கொடுத்துக் குவார்ட்டர்பேக்கைப் பார்த்தபடி இறங்கினால் ஸோன். ஸ்னாப்புக்கு முன் ரிசீவர் இடம் மாறும்போது ஒருவர் கூடவே ஓடினால் அதுவும் மேனுக்கான நல்ல அறிகுறி. இதைத் தீர்க்காமல் மேலே போனால் பழி தப்பான ஆள்மேல் விழும். கவர் 3 என்ற ஸோன் திட்டத்தில் கார்னருக்கு ஆழமான மூன்றில் ஒரு பங்கு. அவருக்கு முன்னால் 10 யார்டில் ரிசீவர் திரும்பி நின்று பிடித்தால் அது பெரும்பாலும் கீழே நிற்கவேண்டிய நடுவரிசைக் காவலரான லைன்பேக்கரின் கணக்கு. கவர் 2-இல் கார்னருக்குக் கீழ்ப்பகுதி, மேலே கடைசி வரிசைக் காவலரான சேஃப்டி. இருவருக்கும் நடுவே பக்கக்கோட்டை ஒட்டி ஒரு பொந்து இருக்கும். அங்கே பந்து விழுந்தால் முதலில் பார்க்கவேண்டியது, கார்னர் ரிசீவரை முதல் 5 யார்டுக்குள் தோளால் தடுத்துத் தாமதப்படுத்தினாரா என்பது. 5 யார்டுக்கு மேல் கைவைக்க 1978 முதல் விதி இடம் தராது. தடுக்காமல் விட்டிருந்தால் சேஃப்டி எவ்வளவு ஓடினாலும் எட்டமாட்டார்.

அடுத்த ஓட்டத்தில் கார்னரை மட்டும் பாருங்கள். பந்து குவார்ட்டர்பேக்கின் கையைவிட்டு வெளியேறும் ஃபிரேமில் நிறுத்தி, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாரா, 2 யார்டு விலகியா, அதற்கும் மேலா என்று எழுதுங்கள். பந்து எங்கே போனது என்பது அப்போது வேண்டாம். வேறு பக்கம் போன பந்துகளிலும் இதையே செய்யவேண்டும். அசோமுகா மாதிரி ஆட்களின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. நான்காவது நொடிக்குப் பிறகும் குவார்ட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு நின்றால் அந்த ஸ்னாப்புக்குத் தனிக் குறி போடுங்கள். பாஸ் ரஷ் (குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் முன்வரிசை) தூங்கியதற்குக் கார்னரைத் திட்டிப் பயனில்லை, அவ்வளவு நேரம் யாராலும் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது.

ஆழமான பந்துகளில் தலையைப் பாருங்கள். ரிசீவருக்குத் தோளோடு தோள் ஓடுகிறவர் திரும்பிப் பந்தைத் தேடலாம். ஓரடி பின்தங்கியவர் திரும்பினால் வேகம் குறையும், இன்னும் ஓரடி போய்விடும், பிறகு பதறிக் கையைப் பிடிப்பார், நடுவரின் பெனால்டி கொடி விழும். பின்தங்கியவர் ரிசீவரின் கைகள் மேலே எழும் வரை காத்திருந்து, அந்தக் கைகளுக்கு நடுவே தன் கையைச் செலுத்தவேண்டும். தோற்ற நிலையிலும் இதை நிதானமாகச் செய்கிறவரை எனக்கு 5 இன்டர்செப்ஷன்காரரைவிடப் பிடிக்கும்.

அணியின் மொத்தப் பாஸ் தடுப்புக்கு, ஆட்டத்துக்கு எத்தனை யார்டு என்ற பட்டியலைத் தூக்கி எறியுங்கள். முன்னிலையில் இருக்கும் அணிக்கு எதிராக எல்லோரும் பாஸாகவே எறிவார்கள், யார்டு கூடத்தான் செய்யும். பாஸிங் யார்டுடன் டச்டவுனுக்கு 20 கூட்டி, இன்டர்செப்ஷனுக்கு 45-ஐயும் சாக்கில் (குவார்ட்டர்பேக் எறியும் முன்பே வீழ்த்தப்படுவது) இழந்த யார்டையும் கழித்து, எறிந்த பந்து, சாக் இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது ஓரளவு நேர்மையான எண்.

ஒரு ஆளைப் பார்க்க எந்த ஆட்டங்களை எடுப்பது? குறைந்தது நான்கு. இரண்டு வலுவான முதல் ரிசீவருக்கு எதிராக, ஒன்று பாஸ் ரஷ் எடுபடாத ஆட்டம், இன்னொன்று அவர் வழக்கமாக ஆடாத திட்டத்தில். கடைசியானதை விடாதீர்கள். அசோமுகா 2011-இல் 5 ஆண்டுக்கு 6 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பிலடெல்பியா போனார். ஓக்லாண்டில் ஒரே பக்கம் நின்று மேன் ஆடிப் பழகியவரை அங்கே பல இடங்களில் நிறுத்தி ஸோனும் ஆடவைத்தார்கள். இரண்டு பருவத்தில் அனுப்பிவிட்டார்கள்.