இருபத்திரண்டு வருஷம் கோட் எழுதியாச்சு, இனி?

கேள்வி: எனக்கு 46 வயது. 22 வருடமாக புரோகிராமர். டீமில் இருக்கிற சின்னப் பசங்க ஒரு புது ஃபிரேம்வொர்க்கை ஒரே வாரத்தில் பிடித்துவிடுகிறார்கள், எனக்கு ஒரு மாதம் ஆகிறது. பேசாமல் மேனேஜர் ஆகிவிடவா?

பதில்: ஆட்களோடு மல்லுக்கட்டப் பிடிக்கும் என்றால் தாராளமாக ஆகுங்கள். பயந்துகொண்டு போகாதீர்கள், அது வேறு தொழில்.

அந்த ஒரு மாதக் கணக்குக்கு வருவோம். வயது ஏற ஏற புதியதை மண்டையில் ஏற்றும் வேகம் குறையத்தான் செய்யும் (போன வாரம் நானே எழுதிய ஃபங்ஷனின் பெயரை நேற்று தேடிக்கொண்டிருந்தேன்). ஆனால் அவர்கள் ஒரு வாரத்தில் படித்தது எதை? நாலைந்து வருடத்தில் காலாவதியாகிற சரக்கை. இண்டெக்ஸ் (தேடியதைச் சட்டென்று எடுத்துக் கொடுக்கிற பொருளடக்கம் மாதிரி) இல்லாத டேட்டாபேஸ் டேபிள் நூறு வரி இருக்கும்போது பறக்கும், ஒரு கோடி வரி ஆனதும் படுத்துவிடும்; சர்வரிடமிருந்து பதில் வரவில்லை என்பதற்கு வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, அவசரப்பட்டு இன்னொரு தடவை அனுப்பினால் ஒரே ஆளிடம் இரண்டு முறை பணம் பிடித்துவிடுவோம். இதெல்லாம் எந்த மொழியில் எழுதினாலும் மாறாது. சிஸ்டம் படுத்துவிட்டது என்று நடுராத்திரி போன் வந்து எழுந்து உட்கார்ந்தவருக்குத்தான் அந்த மாதிரி கோடைப் பார்த்ததுமே உறுத்தும். வருடத்தை இரண்டு இலக்கத்தில் வைத்து, 2000 என்பதை 1900 என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளுமே என்று பட்ட பாடு பழைய கதை என்கிறார்கள். 1970இலிருந்து நொடிகளை எண்ணி 32 பிட்டில் வைத்திருக்கிற சிஸ்டங்களுக்கு 2038 ஜனவரி 19 வரப்போகிறது; அன்றைக்கு அந்த எண்ணிக்கை இடம் கொள்ளாமல் நிரம்பி வழியும், அப்போது தெரியும்.

சரி, உங்கள் பக்கம் ஒரு ஆபத்து இருக்கிறது. "அதெல்லாம் அப்பவே செஞ்சு பார்த்தாச்சு, ஓடாது" என்று சொல்லத் தோன்றுகிறதா? அன்றைக்கு மெமரி விலை என்ன, நெட்வொர்க் வேகம் என்ன! அந்தக் காரணத்தால் தோற்ற யோசனை இன்றைக்கு ஜோராக ஓடலாம். ஏன் தோற்றது என்பதைச் சொல்லுங்கள், தீர்ப்பைச் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஐம்பதுக்கு மேலும் கோட் எழுதுகிறவர்கள் உண்டா?

பதில்: யூனிக்ஸ் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கிய கென் தாம்சன் 'கோ' என்கிற புரோகிராமிங் மொழி வேலையைத் தொடங்கியபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. 1977இல் 'ஆக்' (AWK) என்கிற, டெக்ஸ்ட் ஃபைல்களை அலசும் கருவியை உருவாக்கிய மூவரில் ஒருவரான பிரையன் கெர்னிகன், அதற்கு யூனிகோட் வசதியை (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் கையாளும் முறை) சேர்த்தது 2022இல், 80 வயதில். அப்புறம், கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கிற 'கிட்' (Git) தனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்றும் கூடவே எழுதியிருந்தார்.