இரண்டு தொழிலும் கேட்பது அதே காலைப்பொழுதை

மதிப்பிற்குரிய ஐயா,

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். என் தந்தை தோட்டத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். அவரிடம் கற்ற வெல்டிங்கை நம்பித் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு)ப் பின்புறம் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, பழைய கார்களைச் சீர்செய்து வருகிறேன். அந்த வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை என்பதால், இரண்டு பேரை உடன் வைத்துக்கொண்டு வீட்டுப் புதுப்பிப்பு வேலைகளையும் செய்கிறேன். குளியலறை, சமையலறை, கூரை, பின்பக்க நீட்டிப்பு என எது வந்தாலும் மறுப்பதில்லை. காலையில் வீடு, மாலையில் பட்டறை என்று பிரித்துக்கொண்டும் இரண்டுமே தாமதமாகின்றன.

இப்போது கொட்டகையில் ஒரு மோரிஸ் மைனரும் ஒரு டட்சன் 120ஒய்யும் நிற்கின்றன. மைனருக்குக் கதவுக்கடியில் ஓடும் சில் தகடுகளையும் தரையையும் மாற்ற வேண்டும். டட்சனுக்கு இரண்டு முறை பெயின்ட் அடித்தும் பானெட்டில் சிறு சிறு வட்டக் குழிகள் விழுகின்றன. தின்னரை மாற்றியும் பயனில்லை. அதன் உரிமையாளர் தீபாவளிக்கு வண்டியை எதிர்பார்க்கிறார். அதே தீபாவளிக்குள் ஒரு வீட்டுக் குளியலறையையும் இன்னொரு வீட்டின் பின்பக்க நீட்டிப்பையும் முடித்துத் தருவதாகச் சொல்லி முன்பணமும் வாங்கிவிட்டேன். மனைவி பட்டறையை மூடச் சொல்கிறார், அப்பா வீட்டு வேலையை விடச் சொல்கிறார். நீங்கள் முன்பு ஒரு கட்டடக் குத்தகையாளரிடம் கணக்கராக இருந்ததாக எழுதியிருந்தீர்கள். எதை விடுவது? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

பட்டறையையும் மூட வேண்டாம், வீட்டு வேலையையும் விட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் இரண்டிலும் ஒரு பகுதியை நீங்கள் விட்டே ஆக வேண்டும். வீட்டு வேலையில் கூரையையும் நீட்டிப்பையும் விடுங்கள். பட்டறையில் பெயின்ட் அடிப்பதை விடுங்கள்.

காலையில் வீடு, மாலையில் பட்டறை என்ற ஏற்பாடு தாளில் எழுதும்போது நன்றாகத்தான் இருக்கும். நம் பேராக்கின் வானத்துக்கு அது ஒத்துவராது. காலையில் வெயில் அடிக்கும், மூன்று நான்கு மணிக்கு இடி இடித்துக் கொட்டும்; ஏப்ரல், மே மாதங்களிலும் பிறகு அக்டோபர், நவம்பரிலும் இது அன்றாட வழக்கம். கூரை மாற்றுவதற்கும், வெளிச்சுவர் பூசுவதற்கும், கான்கிரீட் போடுவதற்கும், காருக்குப் பெயின்ட் அடிப்பதற்கும் வேண்டியது அந்த ஒரே உலர்ந்த காலைப்பொழுதுதான். அதை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மழை பெய்து ஓய்ந்த ஈரக்காற்றில் டட்சனுக்குப் பெயின்ட் அடித்தால் அது எப்படி நேராக வரும்? பழைய செல்லுலோஸ் பெயின்டாக இருந்தால் ஈரத்தில் வெள்ளை படர்ந்து பளபளப்பு மங்கும். ஹார்டனர் கலக்கும் இரட்டைக் கலவைப் பெயின்டாக இருந்தால், ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஈரத்தோடு வினைபுரிந்து நுண்ணிய குமிழிகளை உண்டாக்கும். அந்த ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. கடையில் வாங்கும் துணி முகமூடி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய்வழி கொண்டுவரும் முகக்கவசம் வேண்டும்.

ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வட்டக் குழிகளுக்குக் காரணம் மழையாகவோ தின்னராகவோ இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சிலிக்கோனைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். காலையில் குளியலறையில் கழுவுதொட்டியின் ஓரத்துக்கும் தரையோரத்துக்கும் சிலிக்கோன் பிதுக்குகிறீர்கள்; அது விரலில், சட்டையில், பின்பையில் செருகிய துணியில் ஒட்டிக்கொண்டு உங்களோடு பட்டறைக்கு வருகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு தகட்டில் பட்டாலும் போதும், அந்த இடத்தில் பெயின்ட் பரவாமல் சுற்றிலும் விலகிக்கொள்ளும். நடுவில் மீன்கண் போல ஒரு குழி விழும். தின்னரை மாற்றுவதால் இது சரியாகாது. அதே துணியால் துடைத்தால் அழுக்கு பானெட் முழுவதும் பரவுவதுதான் மிச்சம். குழி விழுந்த பெயின்டை அடிவரை தேய்த்து எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன்பும் பின்பும் மெழுகையும் எண்ணெயையும் நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். ஒரு புதிய துணியால் ஈரமாகத் தடவி, அது காயுமுன் இன்னொரு புதிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கம்ப்ரெசர் குழாயில் எண்ணெய் வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், அதுவும் இதே குழியைப் போடும். டயருக்கும் டாஷ்போர்டுக்கும் மினுமினுப்புக் கொடுக்கும் தெளிப்பான்களில் பலவற்றில் சிலிக்கோன் உண்டு என்பதால் அவற்றைக் கொட்டகைக்குள்ளேயே விடாதீர்கள். குழி விழாமல் இருக்கப் பெயின்டில் கலக்கும் மருந்து ஒன்று விற்கிறார்கள். பெரும்பாலும் அதுவே சிலிக்கோன்தான், ஒருமுறை கலந்தால் பெயின்ட் தெளிக்கும் துப்பாக்கியும் கொட்டகையும் கெடும். இத்தனை சுத்தம் குளியலறை வேலை செய்கிறவருடைய கொட்டகையில் நிலைக்காது. தகட்டு வேலையையும் பள்ளம் நிரப்பும் புட்டிப் பூச்சையும் நீங்கள் முடித்துவிட்டு, மூடிய அறையில் பெயின்ட் அடிக்கும் ஒருவரிடம் வண்டியை அனுப்பிவிடுங்கள். அந்த லாபம் கையைவிட்டுப் போகும். ஆனால் மூன்றாம் முறை தேய்க்கும் கூலியை இப்போது யாரும் உங்களுக்குத் தருவதில்லையே.

குளியலறையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அது கூரைக்குக் கீழே நடக்கும் வேலை; மழை அதைத் தொடாது. அதைவிட முக்கியம், அந்த வேலைக்குள்ளேயே காத்திருப்பு இருக்கிறது. பழைய டைல்ஸை உடைத்துத் தரையைச் சமன்செய்தால் அது இறுக வேண்டும். நீர்த்தடுப்புப் பூச்சில் முதல் பூச்சு காய்ந்த பிறகே இரண்டாம் பூச்சு. பிறகு தரைத் துளையை அடைத்துத் தண்ணீர் தேக்கி, குறைந்தது 24 மணி நேரம் கசிவு பார்க்க வேண்டும். டைல்ஸ் ஒட்டினால் இடைவெளி நிரப்புவதற்கு மறுநாள் வரை பொறுக்க வேண்டும். அவசரக்காரக் கொத்தனார்கள் விழுங்கிவிடும் இந்த நாள்களே உங்கள் பட்டறைக்கு உரிய நாள்கள். ஒரு வீட்டில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது நீங்கள் மைனருக்கு அடியில் முழுப் பகலும் படுத்திருக்கலாம்.

முழுப் பகல் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மைனரின் உடலமைப்பு. அதற்கு லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சட்டகம் கிடையாது. சில் தகடுகளும் அவற்றை இணைக்கும் குறுக்குப் பெட்டியும் தரையும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. துருப்பிடித்த சில்லை வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு செய்து, கதவு மூடும் இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். மாலையில் இரண்டு மணி நேரம் வெட்டிவிட்டு, வீட்டு வேலை அழைக்கிறது என்று பத்து நாள் அப்படியே விட்டால் உடல் தொய்ந்து கதவு மூடாது. இத்தகைய வேலையை நாளுக்குள் பிரிக்க முடியாது. வாரத்தைத்தான் பிரிக்க முடியும். உங்கள் தந்தைக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. (மைனர் லண்டனில் அறிமுகமானது 1948ஆம் ஆண்டு அக்டோபரில். அதே ஆண்டு ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் கொல்லப்பட்டு, மலாயாவின் அவசரகாலப் பிரகடனத்தால் நம் ஊர்ப்பெயர் உலகச் செய்தியானது. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனாலும் நம் ஊரில் ஒரு மைனரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆண்டு நினைவுக்கு வரும்.) உதிரிபாகத்துக்குக் கவலை வேண்டாம். மைனரின் சில் தகடுகளை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். கப்பலில் வரும் வரை வண்டி காத்திருக்கும். அது சோறு கேட்காது.

நீட்டிப்பு வேறு கதை. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி அதற்கு ஊராட்சியின் ஒப்புதல் வேண்டும். சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். வரைபடம் எப்போது ஒப்புதலாகி வரும் என்பது உங்கள் கையில் இல்லை, ஆனால் தேதி சொன்னவர் நீங்கள். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் வேலை நின்றுவிடும். பழைய வீடுகளின் கூரையில் அஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதை வெட்டுவதும் உடைப்பதும் நுரையீரலுக்குக் கேடு. கூரையிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் மனைவி ஏற்கெனவே யோசித்திருப்பார். உடன் வேலை செய்யும் இருவரையும் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) பதிந்திருக்கிறீர்களா? 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கும் 2017இல் தனிச் சட்டம் வந்துவிட்டது; உங்கள் பெயரையும் பதிந்துகொள்ளுங்கள்.

இனிக் கணக்கு. நீங்கள் என்னிடம் கேட்டது இதற்காகத்தான் என்று எண்ணுகிறேன். குத்தகையாளரிடம் கணக்கெழுதிய காலத்தில் நான் பார்த்தது இது: வேலை கிடைக்காமல் விழுந்தவர்களைவிட, அடுத்த வீட்டு முன்பணத்தில் முந்தைய வீட்டு வேலையை முடித்து விழுந்தவர்களே அதிகம். உங்கள் நிலைமையில் இது இன்னும் ஆபத்தானது, ஏனெனில் குளியலறைக்காரர் கொடுத்த பணம் சத்தமில்லாமல் மைனரின் சில் தகடாக மாறிவிடும்; தகடு கப்பலில் இருக்கும்போது டைல்ஸ் கடைக்காரர் பணம் கேட்பார். இரண்டு தொழிலுக்கும் இரண்டு வங்கிக் கணக்கு, இரண்டு பேரேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கைமாற்றும் நிலை வந்தால் அதைக் கடன் என்றே எழுதுங்கள். வீட்டுக்காரர் ஏமாந்ததாக நினைத்தால், வெறும் 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம் என்பதும் நினைவிருக்கட்டும். கார்க்காரர்களிடம் முடிக்கும் தேதியைச் சொல்லாதீர்கள், கட்டத்தைச் சொல்லுங்கள். சில் முடிந்ததும் படம், அதற்கான பணம். தரை முடிந்ததும் படம், அதற்கான பணம்.

தேதிகளைக் கொடுக்கும் முன் நாட்காட்டியை விரித்துப் பாருங்கள். 2026இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17, நோன்புப் பெருநாள் மார்ச் மூன்றாம் வாரம். இரண்டுக்கும் இடையே ஒரு மாதம்தான். தீபாவளி நவம்பர் 8, அதாவது மழையின் நடுவில். நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால் சென்ற ஆண்டின் அனுபவம் அடுத்த ஆண்டுக்கு உதவாது. பெருநாளுக்கு முந்தைய ஆறு வாரங்களில் கார் வேலை எதையும் புதிதாகத் தொடங்காமல் இருப்பது நல்லது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை மூன்று. டட்சன்காரரை நேரில் பார்த்து, தீபாவளிக்கு வண்டி வராது என்றும், பெயின்ட் வேறோரிடம் நடக்கும் என்றும், அதன் செலவில் எவ்வளவை நீங்கள் ஏற்பீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள், வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள். குளியலறையை உடனே தொடங்குங்கள், அங்கே ஒரு குடும்பம் குளிக்க இடமில்லாமல் இருக்கப் போகிறது. நீட்டிப்புக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லையென்றால், கூடுதல் ஆள் வைத்திருக்கும் பதிவு பெற்ற குத்தகையாளர் ஒருவரை அந்த வீட்டுக்காரருக்கு அறிமுகப்படுத்துங்கள். பொருளுக்குச் செலவானதை ரசீதோடு காட்டி, மீதி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.