நள்ளிரவு உணவகம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

‘மிட்நைட் டைனர்’ ஜப்பானியத் தொடரை நீங்கள் சொல்லித்தான் பார்க்க ஆரம்பித்தேன். பிடித்திருக்கிறது. ஆனால் யாருடைய கதையும் முழுதாகச் சொல்லப்படுவதில்லை. பூனைச் சோறு கேட்டு வரும் அந்தப் பாடகி இறந்ததும் அத்தோடு முடிந்துவிடுகிறது. கடைக்காரர் எல்லோர் கஷ்டத்தையும் கேட்கிறார், எதுவும் செய்வதில்லை. அவர் முகத்துத் தழும்புக்குக்கூடக் காரணம் சொல்லவில்லை. இது எழுத்தின் போதாமை இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

எதுவும் செய்வதில்லை என்கிறீர்கள். சமைக்கிறாரே!

டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில், ஒரு சந்தில், நள்ளிரவு 12 மணிக்குத் திறந்து காலை 7 மணிக்கு மூடும் கடை அது. பட்டியலில் இருப்பது பன்றி இறைச்சி போட்ட மிசோ (சோயா விழுது) சூப் சாப்பாடும் மதுவும்தான். மது ஆளுக்கு மூன்றுக்கு மேல் கிடையாது. மற்றபடி யார் எதைக் கேட்டாலும், கையில் சமையல் பொருள் இருந்தால் மாஸ்டர், அதாவது கடைக்காரர், செய்துகொடுப்பார். டோக்கியோவில் கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விட்டால், அடுத்த ரயில் விடிகாலை 5 மணி வாக்கில்தான். அந்த நேரத்தில் விழித்திருப்பவர்கள்தான் அங்கே வருகிறார்கள். பகலில் ஒருவரை ஒருவர் ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள்.

கறுப்புக் கண்ணாடி போட்ட ரியூ ஒரு யாகூசா, ஜப்பானிய நிழலுலகக் கும்பல்காரர். அவர் கேட்பது சிவப்பு சாசேஜ். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் டிபன் பெட்டியில் வைப்பதுபோல ஆக்டோபஸ் வடிவில் வெட்டி வதக்கியது. தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கான மதுவிடுதியை நெடுங்காலமாக நடத்தும் கொசுஸு கேட்பது இனிப்பான முட்டைச் சுருள். இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறார்கள். நட்பு என்ற வார்த்தையே வராமல் நட்பு வந்துவிடுகிறது.

அந்தப் பாடகிக்கு வருவோம். பூனைச் சோறு என்றால் சுடுசோற்றின்மேல் காய்ந்த சூரை மீனின் சீவல், சில சொட்டு சோயா சாஸ், அவ்வளவுதான். அந்த மீன் நம் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம். பூனைக்குப் போடுகிற சோறு என்று பெயரிலேயே இருக்கிறது. வருஷக்கணக்காக ‘என்கா’ என்னும் ஜப்பானியச் சோகப் பாட்டுகளைப் பாடியும் வெளிச்சம் கிடைக்காதவள் அதைக் கேட்கிறாள். மாஸ்டர் கட்டி மீனை எடுத்து அப்போதுதான் சீவுகிறார். ஆவியில் அந்தச் சீவல் நெளிகிறது. மலிவான சாப்பாட்டைக் கேட்டவளுக்கு அவர் கொடுக்கும் மரியாதை அது. அப்புறம் அவள் பாட்டு புகழ்பெறுகிறது, அவள் போய்விடுகிறாள். ஆஸ்பத்திரியையும் அழுகையையும் நீட்டிக் காட்டியிருந்தால் உங்களுக்கு நிறைவாக இருந்திருக்குமா? எனக்கு இருந்திருக்காது. நாம் அந்தக் கடையில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். நமக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். ஒருநாள் இருக்கை காலியாக இருக்கிறது.

தொடருக்கு மூலமான மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, ‘யாரோ அபே’ என்ற பெயருள்ள ஓவியர் 2006ல் தொடங்கினார். 1963ல் பிறந்தவர், விளம்பரத் துறையில் இருந்துவிட்டு நாற்பதைக் கடந்துதான் வரைய வந்தார். இருபது வயதில் எழுதியிருந்தால் தழும்புக்கு ஒரு கதை வைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

மாஸ்டர் யாரையும் துருவிக் கேட்பதில்லை. உட்கார்ந்ததும் என்ன வேண்டும் என்கிறார். அவரை மட்டும் நாம் ஏன் துருவ வேண்டும், எஸ்?