கோடையில் கோதுமை அறுவடை, மற்ற நாளில் விமானப் பயிற்சி: கேள்வி பதில்

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பக்கம் இருக்கும் ஸ்போகேன் நகரில் நான் விமான மெக்கானிக். சிறு விமானங்களில் பயிற்சியும் கொடுக்கிறேன். மிஷனரி விமானப் பணிக்காக, அதாவது மிஷன் ஊழியத்துக்கு விமானம் ஓட்டுவதற்காகப் படித்த காலத்தில், கோடை விடுமுறையில் பக்கத்துப் பலூஸ் பகுதிக்குக் கோதுமை அறுவடைக்குப் போவேன். பெற்றோருடன் கிரீன் கார்டில் குடியேறியவன் என்பதால் எனக்கு வேலை செய்ய அனுமதி இருந்தது. இந்த ஒரு வரியை எல்லோரும் கவனித்துக்கொள்ளுங்கள். கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன்.

கேள்வி (நாகர்கோவில்): தோத்திரம் அண்ணா. அறுவடையில் மாணவனுக்கு என்ன வேலை கொடுப்பார்கள்? விமானம் படிப்பவனுக்கு அதில் பிரயோஜனம் உண்டா?

பதில்: தோத்திரம் தம்பி. பலூஸ் முழுக்க மேடும் பள்ளமும்தான். காற்று கொண்டுவந்து குவித்த வண்டல் மண் குன்றுகள், எல்லாவற்றிலும் கோதுமை. ஜூலை கடைசியில் அறுவடை தொடங்கி ஆகஸ்ட் முழுக்கப் போகும். சரிவில் ஏறி இறங்கும்போது உடல் சாயாமல் தன்னைத்தானே மட்டப்படுத்திக்கொள்ளும் கம்பைன்கள்தான் (அறுத்து, கதிரடித்து, தானியத்தைப் பிரிக்கும் இயந்திரங்கள்) அங்கே ஓடும். புதிதாக வந்த மாணவனை முதல் நாளே அதில் ஏற்ற மாட்டார்கள். முதலில் தானிய டிரக் கொடுப்பார்கள். அப்புறம், ஓடும் கம்பைனுக்குப் பக்கத்திலேயே ஓடி தானியத்தை வாங்கிக்கொள்ளும் வண்டி. அதற்கு அங்கே 'பேங்க்அவுட் வேகன்' என்று பெயர்.

எனக்குப் பாடமே காலை வேலைதான். வெயில் ஏறும் முன் கம்ப்ரசர் காற்றால் எஞ்சின் மேலும் சைலன்சரைச் சுற்றியும் படிந்த பதரை ஊதித் தள்ள வேண்டும். விட்டுவைத்தால் மத்தியானம் அதுவே பற்றிக்கொள்ளும். பிறகு கிரீஸ் உள்ளே போகும் நிப்பிள் ஒவ்வொன்றையும் துடைத்து கிரீஸ் அடிக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் மண்ணையும் சேர்த்து பேரிங்குக்குள் தள்ளுகிறீர்கள். பெல்ட்டைத் திருப்பி உள்பக்கம் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது, எந்த பேரிங் மற்றதைவிடச் சூடாக இருக்கிறது என்று கவனிப்பது, தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்ப்பது, எல்லாம் முடிந்த பிறகுதான் சாவி.

விமானத்தைப் புறப்படும் முன் சுற்றிவந்து பார்க்கிறோமே, அந்தப் பழக்கம் எனக்கு ஊறியது வயலில்தான். என் மாணவர்களில் வயல் வேலை செய்தவர்களைச் சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்வேன். செக்லிஸ்ட்டில் டிக் போடுவதோடு நிற்க மாட்டார்கள், கை வைத்துப் பார்ப்பார்கள். பப்புவாவிலோ காங்கோவிலோ புல்தரையில் இறங்கும் விமானிக்குப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் கிடையாது. அங்கே இந்தக் கைதான் உதவும்.

கேள்வி (கோயம்புத்தூர்): ஒரு கோடை வேலையில் பயிற்சிச் செலவு முழுவதையும் சம்பாதிக்க முடியுமா?

பதில்: முடியாது. தனியார் லைசென்ஸுக்குச் சட்டப்படி குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும், கூலிக்குப் பறக்க உதவும் கமர்ஷியல் லைசென்ஸுக்கு 250. அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டத்தில் படித்தால் முறையே 35, 190 மணி. நடைமுறையில் இதைவிடக் கூடும். உங்கள் சம்பளத்தைப் பள்ளியின் மணி வாடகையால் வகுத்துப் பாருங்கள், நிலவரம் தெரிந்துவிடும். ஒரு நல்ல செய்தி: வாஷிங்டன் மாநிலத்தில் 2024 முதல் பண்ணைத் தொழிலாளிக்கும் வாரம் 40 மணிக்கு மேல் ஓவர்டைம் கொடுத்தாக வேண்டும். எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை.

கேள்வி (சென்னை): அண்ணா, எஃப்-1 என்ற மாணவர் விசாவில் விமானப் படிப்புக்கு வருகிறேன். கோடையில் பண்ணை வேலை செய்யலாமா?

பதில்: கூடாது தம்பி. எஃப்-1-இல் கல்லூரி வளாகத்துக்குள் வேலை செய்யலாம். செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி, விடுமுறையில் முழு நேரமும். வெளியே வேலை என்றால் பொதுவாகப் படிப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பயிற்சியாக இருக்க வேண்டும், அனுமதியும் முன்கூட்டியே வாங்க வேண்டும். பெரும்பாலும் ஒரு கல்வியாண்டு முடிந்த பிறகே அது கிடைக்கும். கோதுமை அறுப்பது விமானப் படிப்போடு சம்பந்தப்பட்ட வேலை ஆகாது. சாதாரண விமானப் பயிற்சிப் பள்ளிகளில் சேர்வோருக்குக் கிடைக்கும் எம்-1 விசா இன்னும் கெடுபிடி: படிப்பு முடியும் வரை வேலையே கிடையாது. "சம்பளம் வேண்டாம், சாப்பாடும் தங்க இடமும் போதும்" என்றாலும் அது வேலைதான். விசா நிலை போய்விட்டால், பிறகு எந்த மிஷன் அமைப்பு கூப்பிட்டாலும் அந்தக் கறை கூடவே வரும்.

கேள்வி (பாளையங்கோட்டை): பிரதர், அறுவடைக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் இயந்திரம் ஓட்டச் சொல்வார்களே. விசுவாசி என்ன செய்வது?

பதில்: நான் ஓட்டவில்லை. பண்ணைக்காரரிடம் வேலை பேசும்போதே சொல்லிவிட்டேன், அவர் ஒப்புக்கொண்டார். யாத்திராகமம் 34:21-ஐ எடுத்துப் பாருங்கள். ஏழாம் நாள் ஓய்வு என்று சொல்வதோடு விடாமல், விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திரு என்று தனியாகச் சொல்கிறது. வேலை நெருக்குகிற காலத்தைத்தான் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எனக்கு அது போதுமாக இருந்தது.

கேள்வி (பெங்களூரு): தூசி அலர்ஜிக்கு நான் செட்ரிசின் போடுவேன். வயல் வேலை பார்த்துக்கொண்டே விமானமும் ஓட்டலாமா?

பதில்: நல்ல கேள்வி, பலருக்குத் தோன்றாத ஒன்று. அறுவடைச் சுணை கண், மூக்கு, தோல் ஒன்றையும் விடாது. செட்ரிசின் தூக்கம் தரும் மருந்து என்று அமெரிக்க விமானத் துறை அதை விமானிக்கு அனுமதிப்பதில்லை. பெனாட்ரில் என்ற பெயரில் கடையில் கிடைக்கும் டைஃபென்ஹைட்ரமின் போட்டால், கடைசி மாத்திரையிலிருந்து 60 மணி நேரம் விமானத்தைத் தொடக் கூடாது. ராத்திரி ஒன்று போட்டுத் தூங்கிவிட்டு காலையில் தெளிவாக இருப்பதாகத் தோன்றும். அந்தத் தெளிவை நம்பாதீர்கள். ஃபெக்ஸோஃபெனடின், லோராடடின் போன்றவை பொதுவாக ஏற்கப்படுகின்றன. ஆனால் முதன்முறை போடும்போது 48 மணி நேரம் தரையில் இருந்து உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் விமான மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். நல்ல தூசி மாஸ்க் கட்டினால் பாதி மாத்திரை மிச்சம்.

கேள்வி (மதுரை): எஃப்-1-இல் இருப்பவர் சனிக்கிழமை மட்டும், ரொக்கமாக வாங்கிக்கொண்டு...

பதில்: கூடாது. ரொக்கமாக வாங்கினாலும் விதிமீறல்தான். விசா பதிலை மேலே பாருங்கள்.

கேள்வி (துபாய்): ஞாயிறு பற்றி நீங்கள் சொன்னதை ஏற்க முடியவில்லை. எருது துரவில் விழுந்தால் ஓய்வுநாளிலும் தூக்கிவிட மாட்டீர்களா என்று இயேசுவே கேட்கிறாரே, லூக்கா 14:5. ஒரு வருட விளைச்சல் ஒரு மழையில் போய்விட்டால் பண்ணைக்காரருக்கு யார் பதில் சொல்வது?

பதில்: ஐயா, எருது விழுந்தால் நானும் ஓடுவேன். பலூஸில் ஆகஸ்டில் ஒரு வயலில் புகை எழும்பினால், சுற்றிலும் உள்ள பண்ணைகள் அவரவர் வேலையை அப்படியே விட்டுவிட்டு டிராக்டரில் டிஸ்க் கலப்பையையும் தண்ணீர் டேங்கையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். நெருப்புக்கு முன்னால் தாளை உழுது மண்கோடு போடுவார்கள். அது ஞாயிறா திங்களா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு குடும்பத்தலைவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் ஊர் கம்பைன்கள் எல்லாம் சேர்ந்து வந்து அவர் வயலை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போகும். அந்த வேலைக்கு என்னையும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடலாம்.

ஆனால் எல்லா ஞாயிறும் ஓட்டுவது என்று ஜூன் மாதமே அட்டவணை போட்டுவிட்டு, அதை எருது என்று சொல்லக் கூடாது. மழை பற்றிய உங்கள் பயம் கான்சாஸுக்குப் பொருந்தும். அங்கே கோடையில் ஆலங்கட்டி மழை அடித்து நின்ற பயிரைத் தரைமட்டம் ஆக்கும். பலூஸில் ஆகஸ்ட் வறண்ட மாதம். பெரும்பாலான வருடங்களில் ஒரு நாள் நின்றால் கதிர் அப்படியேதான் இருக்கும். அவசரம் பயிருக்கா, நமக்கா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி (திருச்சி): டிராக்டர், கம்பைன் ரிப்பேர் பார்த்த மாதங்களை விமான மெக்கானிக் சான்றிதழுக்கு அனுபவமாகக் காட்டலாமா?

பதில்: முடியாது. ஏர்ஃப்ரேம் (விமான உடல்), பவர்பிளாண்ட் (எஞ்சின்) இரண்டுக்கும் சேர்த்து 30 மாதம், ஒன்றுக்கு மட்டும் என்றால் 18 மாதம் அனுபவம் கேட்கிறார்கள். அது விமான வேலையாக இருக்க வேண்டும். அல்லது அங்கீகரித்த பள்ளியில் படித்து முடிக்க வேண்டும். கைப்பழக்கம் மட்டும் உங்களுடையது.

கேள்வி (தூத்துக்குடி): எனக்கு நிறக்குருடு. விமானியாக முடியாது என்கிறார்கள். மிஷன் பணிக்கு வேறு வழி உண்டா?

பதில்: உண்டு தம்பி, மனம் தளராதே. அமெரிக்காவில் விமான மெக்கானிக் சான்றிதழுக்கு மருத்துவச் சான்று தேவையில்லை, மிஷன் தளங்களில் நல்ல மெக்கானிக்கின் தேவை எப்போதும் இருக்கிறது. வயரிங் நிறத்தைப் பிரித்தறிவது பற்றி மட்டும் பள்ளியில் முன்பே பேசிவிடு. நிறக்குருட்டிலும் வகைகள் உண்டு. விமான மருத்துவர் சோதிக்காமல் விமானி ஆசையைக் கைவிட வேண்டாம். 1956-இல் ஈக்வடாரில் கொல்லப்பட்ட நேட் செயின்ட்டைக் கேள்விப்பட்டிருப்பாய். எலும்பு நோயால் ராணுவத்தில் விமானி ஆக முடியாமல் மெக்கானிக்காக வேலை பார்த்தவர் அவர். பின்னால் மிஷன் விமானி ஆனார்.

கேள்வி (விருதுநகர்): மருந்து தெளிக்கும் விமானத்துக்கு ரசாயனம் கலந்து ஏற்றும் வேலை கிடைக்கிறது. விமானத்தின் பக்கத்திலேயே இருக்கலாமே?

பதில்: ஆசை புரிகிறது. அந்த விமானிகளிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது: தாழப் பறப்பது, மின்கம்பியைக் கவனிப்பது, பாரம் கூடினால் விமானம் எப்படி நடந்துகொள்கிறது என்பது. ஆனால் நீங்கள் கையாளப்போவது செறிவான மருந்து. ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிமருந்து வகை தோல் வழியாகவே உள்ளே போய் நரம்பைத் தாக்கும். கண் கலங்குதல், தலைவலி, தசைத் துடிப்பு என்று வரும். ரசாயனக் கையுறை, ஏப்ரன், முகக்கவசம் எல்லாம் தராத இடத்தில் சேராதீர்கள். வேலைக்கு முன் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் (இந்த மருந்து தாக்கினால் குறையும் என்சைம்) அளவைப் பார்த்து வையுங்கள். பின்னால் ஒப்பிட அது வேண்டும். உடம்பு சரியில்லை என்று தெரிந்தும் விமானம் ஓட்டுவது விதிமீறல்.

கேள்வி (சேலம்): பண்ணைக்காரர், "என் வயலை மேலிருந்து படம் எடுத்துக் கொடு, பெட்ரோல் காசு தருகிறேன்" என்கிறார். என்னிடம் தனியார் லைசென்ஸ் இருக்கிறது.

பதில்: வேண்டாம். தனியார் லைசென்ஸில் கூலிக்குப் பறக்க முடியாது. அவர் வேலைக்காகப் பறந்து அவர் பெட்ரோலை வாங்கினால் அதுவே கூலி. அவருக்குக் கமர்ஷியல் விமானி ஒருவரைக் காட்டிவிடுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் நான். உங்கள் ஞாயிற்று வாதம் எனக்குச் சனிக்கிழமை. அதே சமயம், மிஷன் விமானிகளே ஓய்வுநாளில் நோயாளியை ஏற்றிப் பறக்கிறார்களே?

பதில்: பறக்க வேண்டும், சகோதரரே. பிரசவம் சிக்கலான பெண்ணைத் திங்கட்கிழமை வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. நீங்கள் சனிக்கிழமை கேட்டால் அதையும் வேலை பேசும்போதே சொல்லிவிடுங்கள், அதில் எனக்கு வாதமில்லை.

இந்த விஷயத்தில் விடாமல் பேசுவதற்குக் காரணம் வேதம் மட்டுமல்ல. பயிற்சியாளர் 24 மணி நேரத்தில் 8 மணிக்கு மேல் பறக்கப் பயிற்சி தரக் கூடாது என்று விதி இருக்கிறது. கம்பைன் ஓட்டுகிறவனுக்கு அப்படி ஒரு விதி இல்லை. அறுவடையில் 14 மணி நேரம் சாதாரணம். ஆறு நாள் அப்படி உழைத்துவிட்டு, "இன்று லீவு, பறந்துவிட்டு வரலாம்" என்று ஏர்ப்போர்ட்டுக்கு வரும் பையனை நான் விமானத்தில் ஏற்ற மாட்டேன். களைப்பு தனக்குத் தெரியாமலே வரும். ரேடியோவில் சொன்னதை இரண்டாம் தடவை கேட்பான், உயரம் நூறு அடி தவறும், கவலைப்படவே மாட்டான். அந்த ஒரு நாள் தூங்குங்கள், ஆலயத்துக்குப் போங்கள், வீட்டுக்குப் போன் பண்ணுங்கள். இன்னும் நிறையப் பேர் இதையே எழுதியிருக்கிறீர்கள். என் பதில் இதுதான்.

கேள்வி (வேலூர்): அண்ணா, பெண்கள் மிஷன் விமானி ஆகலாமா? வீட்டில் சிரிக்கிறார்கள்.

பதில்: தங்கச்சி, மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப் என்ற மிஷன் விமான அமைப்பின் முதல் விமானியே பெண்தான். பெட்டி கிரீன், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பெண் விமானிகள் படையில் பறந்தவர். 1946 பிப்ரவரியில் அந்த அமைப்பின் முதல் விமானத்தை மெக்சிகோவுக்கு ஓட்டிப்போனார். பிறகு பெரு, நைஜீரியா, சூடான், நியூகினி. வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி (ஈரோடு): எம்-1 விசா, பண்ணை வேலை...

பதில்: கூடாது.

கேள்வி (தஞ்சாவூர்): எங்களுக்கு நெல் வயல் உண்டு, இயந்திரம் பழக்கம்தான். இப்போது அமெரிக்கக் குடியுரிமையோடு அங்கே படிக்கிறேன், ஜூலையில் பண்ணையில் சேர்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: இரண்டு விஷயத்தில். ஒன்று, பிடிஓ ஷாஃப்ட், அதாவது டிராக்டர் எஞ்சினின் சக்தியைப் பின்னால் இணைத்த இயந்திரத்துக்குக் கொண்டுபோகும் சுழலும் தண்டு. நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. சட்டை நுனியோ கயிறோ மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. அதன் மேல்மூடி உடைந்திருந்தால் வண்டியைத் தொடாதீர்கள், சரிசெய்யச் சொல்லுங்கள். சுற்றும்போது அதைத் தாண்டிப் போகவே போகாதீர்கள்.

இரண்டு, தானியக் குதிர். அடியில் தானியம் இறங்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே கால் வைத்தால், சில நொடிகளில் முழங்கால், கொஞ்ச நேரத்தில் இடுப்பு. இடுப்பு வரை புதைந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து எடுக்க முடியாது. தானியத்தை வெளியே இழுக்கும் திருகுத் தண்டான ஆகரை நிறுத்தி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, கயிறு கட்டி, வெளியே ஒரு ஆள் நின்றால் மட்டும் உள்ளே போங்கள். "ஒரு நிமிஷம்தான், கட்டியை உடைத்துவிட்டு வா" என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

காது அடைப்பான், கண்ணாடி, தூசி மாஸ்க் உங்கள் காசிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பண்ணையில் கொடுப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். விமானிக்கான அடுத்த மருத்துவச் சோதனை அறுவடைக்குப் பிறகு வருகிறதென்றால், முடிந்தால் ஜூனிலேயே முடித்துவிடுங்கள்.