இரும்புக்கை மாயாவியும் நாமும்: கேள்வி பதில்

காமிக்ஸ் நாயகர்கள் பலர் இருக்க, ஒருவர் மட்டும் நெஞ்சில் தங்கிவிடுவது எப்படி? வாசகர்களின் வினாக்களுக்கு, நெடுங்காலமாகத் தமிழ் காமிக்ஸ் சேகரித்து வரும் ஒருவர் விடையளிக்கிறார்.

கோவில்பட்டி வாசகர்: பிடித்த நாயகரை நாமேதான் தேர்ந்தெடுக்கிறோமா?

பெரும்பாலும் இல்லை. எண்பதுகளின் சிறுவர் எவரும் எல்லா நாயகர்களையும் வரிசையாக நிறுத்தி வைத்து ஒருவரைப் பொறுக்கியெடுத்ததில்லை. பேருந்து நிலையக் கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய இதழ், வாடகை நூலகத்தில் மிஞ்சிக் கிடந்த இதழ், ஊரிலிருந்து வந்த மாமாவின் பையில் இருந்த இதழ் என்று எது கைக்கு வந்ததோ அதில் இருந்தவரே நம்மவர் ஆனார். எனக்கு முதலில் கிடைத்த மாயாவி கதையில் தொடக்கப் பக்கங்கள் நான்கு இல்லை. அவற்றில் என்ன நடந்திருக்கும் என்று பல மாதங்கள் நானே கதை கட்டிக்கொண்டிருந்தேன். முழுப் புத்தகம் கிடைத்திருந்தால் அந்த அளவுக்கு ஒட்டுதல் வந்திருக்குமா என்பது ஐயமே.

சேலம் வாசகர்: மாயாவிக்குப் பறக்கத் தெரியாது, மலையைப் பெயர்க்கவும் தெரியாது. அவர்மீது ஏன் இத்தனை பற்று?

மாயாவியின் மூலப் பெயர் லூயிஸ் கிராண்டேல். இங்கிலாந்தின் வேலியண்ட் இதழில் 1962-இல் தோன்றிய அவர், சிவகாசியிலிருந்து 1972-இல் வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே தமிழ் பேசத் தொடங்கிவிட்டார். ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட அவர் உடலில் மின்சாரம் பாய்ந்தால், கை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும். கவர்ச்சி அந்த 'தவிர' என்னும் சொல்லில்தான் இருக்கிறது. முழுதாக மறைபவரைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. கை தெரிந்துவிடுமோ, மின்சாரத்தின் வேகம் தணிந்து எதிரிகளின் நடுவில் உருவம் வெளிப்பட்டுவிடுமோ, அடுத்த மின்கம்பி எங்கே இருக்கிறது என்றெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் பதற வைப்பவரோடு வாசகனும் சேர்ந்து ஓடவேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, அவர் தொடக்கத்தில் நல்லவராகவும் இல்லை. கிடைத்த ஆற்றலைக் கொண்டு குற்றத்தில் இறங்கி, பிறகே திருந்தி, நிழற்படை என்னும் இரகசிய அமைப்பின் உளவாளி ஆனார்.

ஹெசூஸ் பிளாஸ்கோவின் ஓவியத்துக்கும் பங்குண்டு. மங்கிய தாளில், கறுப்பு மையில், வெற்றிடத்தில் மிதக்கும் ஒற்றைக் கையை மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் நோட்டுப் புத்தகத்தில் வரைந்துவிடலாம். (மின் இணைப்புகளின் அருகே போகக்கூடாது என்று என் தாயார் என்னிடம் தனியே சத்தியம் வாங்கியதையும் சொல்லிவிடுகிறேன்.)

திருச்சி வாசகர்: ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல, இவர் வேறு) ஆணவக்காரர், குற்றச் சக்கரவர்த்தியாக வந்தவர். அவரையும் சிறுவர்கள் கொண்டாடினார்களே?

நாள் முழுவதும் பெரியவர்களுக்குக் கீழ்ப்படியும் பிள்ளைக்கு, எவருக்கும் கீழ்ப்படியாத ஒருவரின் ஆணவம் விருந்தாகவே இருக்கும். இக்கதைகளில் பலவற்றை எழுதியவர், 1938-இல் வெளிவந்த சூப்பர்மேனை உருவாக்கிய இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல். குறையே இல்லாத நாயகரைப் படைத்தவர், தற்பெருமை மிக்க இந்த நாயகரையும் எழுதினார் என்பது எனக்கு இன்றும் சுவையான செய்தி.

கடலூர் வாசகர்: முகமூடி வீரர் வேதாளரை என் அண்ணன் 'மாயாவி' என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும். லீ ஃபாக் 1936-இல் படைத்த ஃபேண்டம்தான் அவர்; இரும்புக்கை மாயாவி வேறு. ராணி காமிக்ஸில் அவர் மாயாவி. முத்து காமிக்ஸில் வேதாளர். எந்தப் பெயரில் முதலில் படித்தோமோ அதுவே அவரது உண்மைப் பெயர் என்று தோன்றும்.

சென்னை வாசகர்: பன்னிரண்டு வயது மகளிடம் மாயாவி கதையைக் கொடுத்தேன், இரண்டு பக்கத்தில் மூடிவிட்டாள். மைல்ஸ் மொராலஸ்தான் வேண்டுமாம்.

வருந்தாதீர்கள். ஸ்பைடர்மேனும் 1962-இல் பிறந்தவரே. முகம் முழுவதையும் மூடும் அந்த முகமூடிக்குள் எந்த நிறத்தவரும், எந்த நாட்டவரும் இருக்கலாம். 2011-இல் புரூக்ளின் சிறுவன் மைல்ஸ் அதை அணிந்துகொண்டது இயல்பாகப் பொருந்தியதற்கு அதுவும் ஒரு காரணம். அவளுக்கு முதலில் வாய்த்தவர் அவர். மாயாவி புத்தகத்தைக் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு, படிக்கச் சொல்லாமல் மட்டும் இருங்கள்.